முனீர் மாஸ்டரின் கங்கு

திண்டுக்கல் நாகல் நகரில் என் பிளாஸ்டிக் சாமான் கடைக்கு நேர் எதிரே முனீர் மாஸ்டரின் பிரியாணிக் கடை. பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. ‘மாஸ்டர் கடை’ என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். காலையில் நான் வாளிகளையும் குடங்களையும் கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் நேரத்தில் அவர் தேக்சாவை, அந்தப் பெரிய பிரியாணி அண்டாவை, மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி மாவைப் பூசி, அடுப்பிலிருந்து கனன்று சிவந்த கரிக் கங்குகளை அள்ளி மூடிமேல் பரப்பிக்கொண்டிருப்பார். அதுதான் தம். கீழேயும் சூடு, மேலேயும் சூடு, நடுவில் அடைபட்ட ஆவி. அந்த நேரத்தில் அவரிடம் யார் போய் வாய் கொடுத்தாலும் திட்டு நிச்சயம்.

மற்ற மாஸ்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் உள்ளங்கையை மூடிக்கு மேலே காட்டுவார். இங்கே ஒரு கங்கைக் கூட்டுவார், அங்கே ஒன்றைத் தள்ளுவார். வேலை முடிந்ததும் மிச்சக் கங்குகளைக் கடைக்குப் பின்னால் இருக்கும் செம்மண்ணில் குழி பறித்துப் போட்டு மூடி, செருப்புக் காலால் மிதித்துவிட்டு வருவார். தண்ணீர் ஊற்றுவது அவருக்குப் பிடிக்காது. சாம்பல் பறந்து கடை முழுக்க அப்பும் என்பார்.

“தீய எவனும் மூட்டிருவான் பிராங்கிளின். கங்கு மேய்க்கத் தெரியணும்.”

“அதுக்கு ஆடு மேய்க்கப் போயிருக்கலாம்ல பாய்?”

“ஆட்டத்தான் உள்ள போட்டு வச்சிருக்கேனே!”

இப்படிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் இப்போது தெருவில் தலை நிமிராமல் நடக்கிறார். ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் கடனாம் என்கிறார், இன்னொருவர் சம்பந்தி வீட்டுச் சண்டை என்கிறார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கொஞ்சம் நானே பார்த்தேன், மிச்சத்தை அவரே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். நடந்தது இதுதான்.

அவருக்கு ஒரே மகள், பாஸிலா. போன வருடம் ஈரோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை இஷாக் தங்கமான பையன். சம்பந்தி அப்துல் ஜப்பாரும் மரியாதை தெரிந்தவர். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றவர் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் இவருக்குப் புதுச்சட்டை மாட்டி மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள். சமையலை வேறொருவர் பார்த்தார். தம் கூடிப்போய் அரிசி குழைந்துவிட்டது. சம்பந்தி பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “நல்லாயிருந்துச்சுங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டார். அந்த மரியாதையான பதில் மாஸ்டரை மாதக்கணக்கில் அரித்தது. என்னிடமே எத்தனையோ முறை சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

மாசி மாதத்தில் சம்பந்தி வீட்டார் திண்டுக்கல் வருவதாகப் போன் வந்தது. அப்படியே சிறுமலையையும் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். மாஸ்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மலைமேல் வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே தம் போட்டுத் திறந்து பரிமாறுவது என்று முடிவு செய்துவிட்டார். கடையில் ஆக்கி எடுத்துக்கொண்டு போனால் மலை ஏறுவதற்குள் ஆவி போய்ச் சோறு அமுங்கிவிடும் என்பது அவர் கவலை. ஆகவே தம்முக்கு முந்திய வேலை வரைக்கும் கடையில் முடித்து, தேக்சாவை மாவு பூசி வேனில் ஏற்றினார். ஓர் இரும்பு வாளியில் கங்குகளைப் போட்டு, மேலே சாம்பலால் மூடி, ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து அதையும் ஏற்றினார். அந்த வாளி என் கடையில் வாங்கியதில்லை. நான் இரும்பு விற்பதில்லை.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். தமிழ்மதி என்ற இளம் வனக்காப்பாளர் ஜன்னலருகில் வந்தார்.

“தீப்பெட்டி, அடுப்பு, சிலிண்டரு, பாட்டிலு ஏதாச்சும் இருக்காண்ணே? காடு காஞ்சு கெடக்கு. உள்ள தீ மூட்டக் கூடாது. ரோட்ட விட்டு எறங்கவும் கூடாது.”

“இல்லம்மா. சாப்பாடு மட்டுந்தான்.”

தமிழ்மதி அவரை ஒரு தடவை பார்த்தார். நரைத்த தாடி, பக்கத்தில் மனைவி ஷரீஃபா, பின்னால் மகள், மருமகன், சம்பந்தி வீட்டார். நம்பித் தடுப்புக் கம்பை உயர்த்தினார்.

வேன் முதல் வளைவைத் தாண்டியதும் பாஸிலா தகப்பனின் காதோரம் குனிந்தாள்.

“அத்தா, வாளியில கங்கு இருக்கே. அந்த அக்காகிட்ட இல்லன்னுட்டீங்களே.”

“தீ இருக்கான்னுல்ல கேட்டாங்க? இது தீயா? தீன்னா எரியணும். தீ வேற, கங்கு வேற.”

இதில் அவர் நடிக்கவில்லை. நான் சத்தியம் செய்து சொல்வேன். அடுப்படியில் நின்ற காலம் முழுக்க அவர் கங்கைத் தீயோடு சேர்த்து நினைத்ததே இல்லை. தீ முரட்டுப் பயல், கங்கு வீட்டுப் பிள்ளை. பிரியாணி மாஸ்டர் அல்லாத எவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

மலைமேல் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில் கூட்டமாக இருந்தது. மாஸ்டருக்கு நிழலும் வேண்டும், தேக்சா வைக்கச் சமதரையும் வேண்டும். கொஞ்ச தூரம் கீழே இறங்கும் மாட்டுத்தடம் ஒன்றில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று சொன்னதைப் பாதி வேன் கேட்டது, யாருக்கும் அது தங்களுக்குச் சொன்னதாகப் படவில்லை. நம் ஊர்க்காரர்கள் மலைக்குப் போனால் இப்படித்தான். சொந்தக் கொல்லைக்குப் போவதுபோல் நடந்துகொள்வார்கள்.

ஒரு மரத்தடியில் ஷரீஃபா சருகைக் கூட்டி ஒதுக்கினார். கல் அடுக்கி, கீழே கங்கு, மேலே கங்கு. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளங்கையைக் காட்டினார், கங்குகளைத் தள்ளினார், காய்ந்த மாவைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்தார். மூடி திறந்ததும் வாசனை எழுந்தது. அப்துல் ஜப்பார் முதல் தட்டை முடித்துவிட்டு இரண்டாவதற்குத் தட்டை நீட்டினார்.

“ஏனுங்க சம்பந்தி, கல்யாணத்தன்னிக்கு இத எங்கீங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த நாளில் கிடைக்காத நிறைவு அன்று கிடைத்தது என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, அதை நினைக்கவே இப்போது கூசுகிறது என்றும் சொன்னார்.

கிளம்பும்போது மிச்சக் கங்குகளைப் புதைத்தார். மண் புட்டுபோல் உதிர்ந்தது, குழி பறிக்கக் கையே போதுமாக இருந்தது. அது மண்ணே இல்லை, வருடக்கணக்காக விழுந்து மக்கிய சருகு என்பது அவருக்குத் தெரியாது. நல்ல மண் என்று நினைத்து, போட்டு மூடி, நன்றாக மிதித்தார்.

“தண்ணி ஊத்துங்க அத்தா.”

கை கழுவியதில் மிஞ்சிய செம்புத் தண்ணீரை மேலே தெளித்தார். “போதும்மா. மண்ணுக்குள்ள போனாக் கங்கு செத்துரும். எம்புட்டுப் பாத்திருக்கேன்.”

சம்பந்தி வீட்டார் ஈரோட்டுக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவே வெளியில் வந்து நின்றது. சிறுமலையின் சரிவில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது, அதனால் ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மாஸ்டர் கடையை விட்டு இறங்கி நடுரோட்டுக்கு வந்து உரத்த குரலில் ஏசினார்.

“எவன் பெத்த புள்ளயோ, பீடியக் குடிச்சுட்டு வீசிட்டுப் போயிருக்கான்! அவன் கை வெளங்குமா?”

“கைய ஒடிக்கணும் பாய்” என்று நானும் ஒத்து ஊதினேன்.

அடுத்த நாள் காலையில் என் போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. வேடிக்கை பார்க்கும் இடத்துக்குக் கீழே, மாட்டுத்தடத்தின் ஓரம், ஒரு மரத்தடியிலிருந்து தீ கிளம்பியிருக்கிறது, மலையேறி வந்தவர்கள் யாரோ காரணம் என்று போட்டிருந்தது. மாஸ்டரிடம் காட்டினேன். படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் புதைத்த கங்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கரிக்கட்டையாகச் செத்துக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கினார்.

“செத்துத்தான பிராங்கிளின் கெடக்கு? பாரு. செத்துத்தான கெடக்கு?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலைமேலும் இப்படித்தான் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

மத்தியானம் பாஸிலா போன் செய்தாள். “அத்தா, நியூஸ் பாத்தேன். அது நம்ம பொதச்ச எடமா?”

“இல்லம்மா. அது வேற பக்கம்.”

போனை வைத்ததும் ஷரீஃபா கதவைச் சாத்தினார். “வெளிய மூச்சு விடாதீங்க. நீங்க வாயத் தொறந்தா சம்பந்தி பேரும் சேந்து வரும். போலீசு, கேசுன்னு அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கும். நம்ம புள்ள வாழப்போன எடம்.” அவர் சொன்னதிலும் தப்பில்லை. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் மகளின் வாழ்க்கை, சொல்லாவிட்டால் நெஞ்சுக்குள் அந்தக் கோடு எரிகிறது. இரண்டுக்கும் நடுவில் அவர் செய்யத் தெரிந்தது சமையல்தான். யாரும் கேட்காமலே தீயணைக்கப் போனவர்களுக்குச் சோறு ஆக்கிச் சோதனைச் சாவடியில் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தார்.

தமிழ்மதியின் கண்கள் புகையில் சிவந்திருந்தன. “இம்புட்டுப் பெரிய டவுன்ல நீங்க ஒருத்தர்தாண்ணே வாரீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாஸ்டர் அந்தக் கும்பிடைப் பார்க்காமல் கரண்டியைத் தேடினார்.

“மண்ணுக்குள்ள போனா அணஞ்சிராதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கீழ உங்க ஊரு மண்ணுல அணையும்ணே. இங்க மண்ணே சருகுதான். உள்ளுக்குள்ள வேரப் புடிச்சுக்கிட்டுக் கனிஞ்சுக்கிட்டே போகும். மேல பொககூடத் தெரியாது. காத்தடிச்சா எங்கேயோ எந்திரிக்கும். தண்ணிய ஊத்தி, கிண்டி, தொட்டுப் பாத்தாத்தான் அணஞ்சதா அர்த்தம்.”

தீ அடங்க ஒரு வாரம் ஆகிவிட்டது. தீத்தடுப்புக் காவலராக வேலை பார்க்கும் மலைக்காரர் தங்கமுத்துவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெரிந்ததும் மாஸ்டர் அங்கேயும் சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்பினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். தனியாகப் போகப் பயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

தங்கமுத்துவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தன. மனைவி ஜக்கம்மாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மாஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினார். தங்கமுத்து கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினார்.

“கை எப்படிங்க இப்படி ஆச்சு?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சாம்பலாத்தான் கெடந்துச்சுங்க. அணஞ்சிருச்சுன்னு நெனச்சேன். ஒரு கங்கு உருண்டு வெளிய வரப் பாத்துச்சு, பக்கத்துல கெடந்த மண்ண ரெண்டு கையாலயும் அள்ளி அது மேல போடப் போனேன். அள்ளுன மண்ணு பூராம் உள்ள நெருப்பு. எவனோ குழி பறிச்சுப் பொதச்சிட்டுப் போயிருக்கான். கை உள்ள போயிருச்சு.”

மாஸ்டரின் கை பாதி வழியில் நின்றது. பிறகு ஊட்டியது. தங்கமுத்து மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“தம்மு நல்லா விழுந்திருக்கு பாய். கங்கு போட்டு எறக்குனதா?”

“ஆமா.” மாஸ்டர் அடுத்த கவளத்தை உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். “அந்தக் குழியில பொதச்சது நான்தாங்க. அது என் கங்கு.”

தங்கமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. மாஸ்டர் வேன், சம்பந்தி, சாவடி எல்லாவற்றையும் சொன்னார். நடுரோட்டில் நின்று யாரையோ ஏசியதையும் சொன்னார். தங்கமுத்து வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மாஸ்டரின் கையில் அந்தக் கவளம் அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் பாத்திரத்தில் போடவும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. மாஸ்டர்மேல் ஆத்திரமாக வந்தது, அவரைக் காப்பாற்றவும் தோன்றியது, இரண்டும் முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜக்கம்மாள் மருந்தோடு வந்தார். “ஏன் சாப்பிடாம இருக்காக?” என்று கேட்டார். மாஸ்டர் எழுந்து நின்று, அவரிடமும் முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாள் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்திரத்தை மாஸ்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நகருங்க. அதுக்காக அவுக பசியோட கெடக்கணுமா?”

மாஸ்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அதே சோற்றைப் புருஷனுக்கு ஊட்டினார். தங்கமுத்து பசிக்குச் சாப்பிட்டார். இருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் நின்றுகொண்டே இருந்துவிட்டு வெளியே வந்தோம்.

அங்கிருந்து மாஸ்டர் நேராக வன அலுவலகத்துக்குப் போனார். வாக்குமூலம், வழக்கு, அபராதம் எல்லாம் முறைப்படி நடந்தன. அதைப் பற்றி மாஸ்டர் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. தமிழ்மதியும் அங்கே இருந்தார். கோபப்படவில்லை. “அன்னைக்குக் கேட்டேன்லண்ணே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாஸ்டர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஷரீஃபா பயந்தது நடக்கவில்லை. அப்துல் ஜப்பாரே போன் செய்தார். “ரெண்டாவது தடவ தட்ட நீட்டுனவன் நானுங்க. உங்களத் தனியா நிக்க உடமாட்டேனுங்க. எங்க வந்து கையெழுத்துப் போடோணும்னாலும் வர்றேன்” என்றார். மாஸ்டர் போனைக் காதில் வைத்தபடி சும்மா தலையாட்டினார். அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்துப் போனை வாங்கியது பாஸிலா.

“அந்தச் சாவடி அக்காகிட்ட இல்லன்னு சொன்னது தெரியாமச் சொன்னது அத்தா. எங்கிட்டத் தெரிஞ்சே சொன்னீங்களே.”

மாஸ்டர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழைப்பு முடிந்த பிறகும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாஸிலா இப்போதும் பேசுகிறாள், வருகிறாள். ஆனால் தகப்பன் ஏதாவது சொன்னால் ஒரு நிமிடம் கழித்துத் தாயிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறாள். அதை அவரும் கவனித்துவிட்டார்.

கடையில் தம் இன்னும் போடுகிறார். அது அவர் பிழைப்பு. ஆனால் முடிந்ததும் மிச்சக் கங்குகளைக் கடை வாசலிலேயே போட்டு, என்னிடம் வாங்கிய வாளியால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மூழ்கடிக்கிறார். சாம்பல் பறந்து என் கடைக் குடங்களில் அப்புகிறது. அதற்குப் பிறகும் குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறார். தெருப் பையன்கள் சிரிக்கிறார்கள். நான் குடங்களைத் துடைத்துக்கொள்கிறேன்.

தங்கமுத்து மலைக்கு, தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கட்டுப் பிரித்தாயிற்று, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாஸ்டர் அவர்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார். பிரியாணி அல்ல, ஆறிப்போன தயிர்ச்சோறு. ஜக்கம்மாள் வாசலில் வாங்கிக்கொள்வார், பழைய பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பார். உள்ளே வாருங்கள் என்று இதுவரை சொன்னதில்லை. மாஸ்டரும் எதிர்பார்ப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். சாவடியில் பஸ் நின்றது. தமிழ்மதி ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“தீப்பெட்டி, அடுப்பு, சிலிண்டரு, பாட்டிலு, கங்கு, ஏதாச்சும் இருக்கா?”

பின் சீட்டில் கல்லூரி மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். “கங்கா? கங்க எந்தக் கிறுக்கன்க்கா மலைக்குத் தூக்கிட்டு வருவான்?” பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். தமிழ்மதி சிரிக்கவில்லை, மாஸ்டரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

“உங்ககிட்டண்ணே?”

“இல்லம்மா. சாப்பாடு மட்டுந்தான்.”

வேனில் வந்த அன்று சொன்ன அதே சொற்கள். இந்த முறை அது சுத்தமான உண்மை. தமிழ்மதி போகாமல் நின்றார். மாஸ்டர் மடியில் இருந்த டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். தமிழ்மதி உள்ளே பார்த்துவிட்டு, டப்பாவின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு அடுத்த சீட்டுக்குப் போனார்.

பஸ் கிளம்பியது. முதல் வளைவு திரும்பிய பிறகும் மாஸ்டர் தலை குனிந்து, மூடி திறந்த டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மூடியை வாங்கி நான்தான் மூடினேன்.